புள்ளியில் தொடங்கும் வரி

1971-ஆம் ஆண்டின் பிற்பாதி. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில் என்ற ஊரில் இருந்த பெல் ஆய்வகத்தில், மூன்று தட்டச்சர்கள் நாள் முழுக்க ஒரே கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்தவர்கள் அவர்கள். காப்புரிமை விண்ணப்பங்களைத் தட்டுவது, திருத்துவது, பக்கமாக வடிவமைத்து அச்செடுப்பது, இவைதான் வேலை. அந்தக் கணினியின் மொத்த நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 இயங்குதளத்துக்குப் போய்விடும். மீதி 8 கிலோபைட்டுக்குள் மற்ற நிரல்கள் ஓட வேண்டும். வட்டின் கொள்ளளவு அரை மெகாபைட். ஒரு நிரல் இன்னொன்றின் நினைவிடத்தில் கைவைக்காமல் தடுக்கும் வன்பொருளும் கிடையாது.

அதே கணினியில்தான் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். புது நிரல் ஒன்றைச் சோதிப்பது என்றால் துணிச்சல் வேண்டும். பிழையான ஒரு கட்டளை மொத்த ஏற்பாட்டையும் கவிழ்த்துவிடும். பக்கத்தில் தட்டிக்கொண்டிருப்பவரின் வேலையும் சேர்ந்து போகும். வட்டு சிறியது என்பதால், தட்டச்சர்களின் சில மணி நேர உழைப்பு சேர்ந்ததுமே அதை டெக்டேப் என்ற நாடாவுக்கு மாற்றி இடம் ஒழிக்க வேண்டியிருந்தது.

யுனிக்ஸின் கதையை நிரலாளர்களின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தத் தளத்தை நம்பி அன்றாட வேலையை ஒப்படைத்த முதல் வெளியாட்கள் இந்தத் தட்டச்சர்களே. இந்த பி.டி.பி-11 கணினியை வாங்கப் பணம் கேட்டபோது மேலிடத்துக்குச் சொன்ன காரணமும் ஆவணத் தயாரிப்புதான். இயங்குதளம் எழுதப்போகிறோம் என்று சொல்லிக் கேட்டிருந்தால் அந்தப் பணம் கிடைத்திருக்காது. மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளத் திட்டத்திலிருந்து பெல் ஆய்வகம் கையைச் சுட்டுக்கொண்டு வெளியே வந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை.

காப்புரிமைப் பிரிவுக்கு ஒரு விசேஷத் தேவை இருந்தது. விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் வரிகளுக்கு எண் இட்டிருக்க வேண்டும். அந்தப் பிரிவு வெளியிலிருந்து வேறொரு எந்திரத்தை வாங்கும் யோசனையில் இருந்தபோது, ஜோ ஒஸ்ஸானா என்ற பொறியாளர் குறுக்கே வந்தார். டெட்ராய்ட்டில் பிறந்து, அங்கேயே வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவர். வரியெண், கணிதக் குறிகள் அடிக்கும் மாடல் 37 டெலிடைப், எல்லாவற்றையும் எங்கள் கணினியிலேயே செய்து தருகிறோம் என்று அவர் ஒப்புக்கொண்டார். சொன்னபடி செய்தும் கொடுத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒன்றிலிருந்து வரியெண் இடும் கட்டளை அவர்களுடைய வடிவமைப்பு நிரலில் சேர்ந்தது. காப்புரிமைப் பிரிவு யுனிக்ஸையே எடுத்துக்கொண்டது. அந்த நற்பெயரைக் காட்டித்தான், பி.டி.பி-11/45 கணினி சந்தைக்கு வந்தபோது முதல் சிலவற்றில் ஒன்றை ஆய்வகத்தார் தங்களுக்கு வாங்கிக்கொள்ள முடிந்தது.

அந்த நிரலின் பெயர் ராஃப். அது பெல் ஆய்வகத்தில் முளைத்தது அல்ல. 1964-இல் எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவராக இருந்த ஜெரோம் சால்ட்சர், தன் முனைவர் பட்டத்துக்கான ஆய்வு முன்மொழிவைக் கணினியிலேயே தட்டி அச்செடுக்க விரும்பினார். அதற்காக இரண்டு நிரல்கள் எழுதினார். ஒன்றின் பெயர் டைப்செட், பக்கத்தைத் தட்டித் திருத்துவதற்கு. இன்னொன்று ரன்ஆஃப், வடிவமைத்து அச்செடுப்பதற்கு. ரன்ஆஃபில் அவர் கொண்டுவந்த ஒரு ஏற்பாடு இன்றுவரை அப்படியே இருக்கிறது: வரி புள்ளியில் தொடங்கினால் அது எந்திரத்துக்கான கட்டளை, மற்ற எல்லாம் அச்சில் வரவேண்டிய வாசகம். ஆங்கிலத்தில் எந்த வாக்கியமும் புள்ளியில் தொடங்குவதில்லை என்பதால் இரண்டும் குழம்ப வழியில்லை. நடுவில் அமை, இரண்டு வரி இடம் விடு, புதுப் பக்கம் தொடங்கு என்று அந்தக் கட்டளைகள் ஒவ்வொன்றும் தனி வரியில் வரும்.

ரன்ஆஃபைப் பெல் ஆய்வகத்தில் பாப் மாரிஸ் வேறொரு கணினிக்கு மாற்றி எழுதினார். பெயர் சுருங்கி ராஃப் ஆயிற்று. டக் மெக்கில்ராய் அதை விரித்து எழுதினார். அதுவே பிறகு யுனிக்ஸுக்கு வந்தது. ஆனால் ராஃபுக்கு ஒரு குறை. அதை எழுதியவர் என்னென்ன வடிவங்களை நினைத்துப் பார்த்தாரோ அவ்வளவுதான் அதற்குத் தெரியும். காப்புரிமை விண்ணப்பத்துக்கு ஒரு வகைப் பக்கம், உள்சுற்றறிக்கைக்கு ஒன்று, ஆய்விதழுக்கு இன்னொன்று என்று தேவைகள் பெருகும்போதெல்லாம் யாராவது உட்கார்ந்து நிரலையே திருத்த வேண்டும்.

ஒஸ்ஸானா இங்கேதான் வேறு வழியில் போனார். என்-ராஃப் என்று பெயரிட்டு அவர் எழுதிய புது நிரலில், தலைப்பு எங்கே வர வேண்டும், பக்க எண் எப்படி இருக்க வேண்டும், அடிக்குறிப்பு என்றால் என்ன என்று எதையும் உள்ளே பதித்து வைக்கவில்லை. அவற்றைப் பயன்படுத்துபவரே சொல்லிக்கொள்ள ஒரு சிறு மொழியைக் கொடுத்தார். இன்று ஆயிரம் மென்பொருள்களில் அமைப்புக் கோப்பைத் திருத்தித் தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்பவர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். 1970-களின் தொடக்கத்தில், சில கிலோபைட் நினைவகத்துக்குள், ஒரு பக்க வடிவமைப்பு நிரலுக்குள் முழு நிரல்மொழியையே பொதித்து வைத்தது அசாத்தியமான முடிவு. அந்தக் கருவி ஐம்பது ஆண்டுகள் தாண்டியும் உயிரோடு இருப்பதற்கு அந்த ஒரு முடிவே காரணம் என்று நம்ப இடமிருக்கிறது.

பக்க எண்ணை எடுத்துக்கொள்வோம். என்-ராஃபுக்குப் பக்கத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் தானாகத் தெரியாது. எதுவும் சொல்லாவிட்டால் இடைவெளி இல்லாமல் வரி வரியாக அச்சடித்துக்கொண்டே போகும். பயன்படுத்துபவர் பக்கத்தில் பொறி வைக்க வேண்டும். புள்ளியும் டபிள்யூ, ஹெச் என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்த கட்டளை அதற்கு உரியது. பக்கத்தின் உச்சியில், அதாவது பூஜ்யம் என்ற இடத்தில் ஒரு பொறி. அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே இன்னொரு பொறி. வாசகம் இறங்கி இறங்கி அடிப்பொறியை மிதிக்கும்போது, அந்தப் பொறிக்கு உரிய மேக்ரோ, அதாவது ஒரு பெயரில் சேர்த்து வைத்த கட்டளைத் தொகுப்பு, ஓடும். அந்த மேக்ரோ என்ன செய்ய வேண்டும் என்பதும் பயன்படுத்துபவர் எழுதி வைத்ததுதான்: புதுப் பக்கத்துக்குத் தாவு என்று அதில் இருக்கும். தாவியதும் உச்சிப் பொறி மிதிபடும். அதற்கு உரிய மேக்ரோ அரை அங்குலம் இடம் விட்டு, இடம், நடு, வலம் என்று மூன்று பங்காகப் பிரித்த தலைப்பு வரியை அச்சடிக்கும். அந்த வரியில் விழுக்காட்டுக் குறி இருந்தால் அந்த இடத்தில் பக்க எண் உட்காரும்.

அடிக்குறிப்பு இன்னும் நுட்பம். குறிப்பின் வாசகத்தை அச்சுக்கு அனுப்பாமல் தனியே திசைதிருப்பி, வடிவமைத்து, ஒரு பெயரில் சேமித்துக்கொள்ள வழி உண்டு. சேமித்ததும் அதன் உயரம் எண் பதிவேடு ஒன்றில் பதிவாகிவிடும். அந்த உயரத்துக்கு அடிப்பொறியை மேலே நகர்த்தினால், பக்கத்தின் அடியில் குறிப்புக்கு வேண்டிய இடம் சரியாக ஒதுங்கும். பொறி மிதிபடும்போது சேமித்ததை எடுத்துக் கொட்டினால் போதும். அடிக்குறிப்பு என்ற ஒன்று இருப்பதையே அறியாத நிரலை வைத்து, பொறி, திசைதிருப்பல், எண் பதிவேடு என்ற மூன்றையும் பிணைத்து அடிக்குறிப்பு போட வைத்தார்கள். இந்த வேலைப்பாட்டை முதல்முறை பின்தொடர்ந்து புரிந்துகொள்ளும் எவருக்கும் ஒஸ்ஸானா மீது மரியாதை கூடாமல் இருக்காது.

கட்டளைப் பெயர்கள் எல்லாம் இரண்டே எழுத்து. பி.டி.பி-11-இன் 16 பிட் சொல் ஒன்றுக்குள் இரண்டு எழுத்துகள் அடங்கும். அந்தச் சிக்கனத்துக்கு மனிதர்கள் கொடுத்த விலை, எது எதற்கு என்று மனப்பாடம் செய்வது. புதியவர்களை விரட்டியது இந்த மொழியின் கரடுமுரடுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1973-இல் ஒஸ்ஸானா அடுத்த படியை ஏறினார். கிராஃபிக் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தின் சி/ஏ/டி என்ற ஒளியச்சுக்கோர்ப்பு எந்திரம் ஆய்வகத்துக்கு வந்திருந்தது. துளையிட்ட காகித நாடாவில் செய்தியைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்ட எந்திரம் அது. நாடா படிக்கும் பகுதியை ஒதுக்கிவிட்டு, கணினியிலிருந்தே அதற்கு நேரடியாகச் செய்தி போகும்படி செய்தார்கள். அதை ஓட்டுவதற்காக எழுதப்பட்டதே டி-ராஃப். மொழி என்-ராஃபினுடையதே; எழுத்துருவும் அளவும் மாற்றும் கட்டளைகள் கூடுதலாகச் சேர்ந்தன.

அந்த எந்திரத்தின் உள்ளே எழுத்துகள் ஃபிலிமில் இருந்தன. சுழலும் சக்கரம் ஒன்றில் நான்கு ஃபிலிம் பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு எழுத்துரு, ஒவ்வொன்றிலும் 102 குறிகள். வேண்டிய எழுத்து சரியான இடத்துக்கு வரும் கணத்தில் விளக்கு மின்னும். ஒளி அந்த எழுத்தின் வழியே புகுந்து, அளவை நிர்ணயிக்கும் லென்ஸைக் கடந்து, ஒளியுணர் தாளில் விழும். 6 புள்ளியிலிருந்து 36 புள்ளி வரை பதினைந்து அளவுகள் கிடைத்தன. கிடையாக ஓர் அங்குலத்தை 432 பங்காகவும் செங்குத்தாக 144 பங்காகவும் பிரித்து எழுத்தை நிறுத்த முடிந்தது. நான்கு பட்டைகளில் ரோமன், சாய்வு, தடிப்பு என்று மூன்று போக, நான்காவதில் கிரேக்க எழுத்துகளும் கணிதக் குறிகளும். எந்தப் பட்டையிலும் இல்லாத குறி வேண்டுமென்றால், இருக்கும் குறிகளை ஒன்றின் மேல் ஒன்றாக நகர்த்தி அடித்து உருவாக்க வேண்டும். அதற்கும் மொழியில் இடம் இருந்தது.

தாள் வெளியே வந்ததும் வேலை முடிந்துவிடாது. அதை ரசாயனக் கரைசலில் கழுவி எடுத்தால்தான் எழுத்து தெரியும். ஒரு கட்டளைப் பிழையால் பத்துப் பக்கம் முழுக்கச் சாய்வெழுத்தாக வந்திருந்தால், தாளும் ரசாயனமும் நேரமும் வீண். முன்னோட்டம் பார்க்கும் வழி தேடியது இந்தச் செலவின் நெருக்கடியால்தான். எளிய வழி, அதே கோப்பை என்-ராஃபில் கொடுத்து டெலிடைப்பில் ஒரு படி எடுத்துப் பார்ப்பது. டி-ராஃபிலேயே ஒரு தேர்வும் இருந்தது: மைனஸ் குறியுடன் ஏ என்று சேர்த்தால், பக்கத்தை வெறும் தட்டச்சு எழுத்துகளில் தோராயமாகக் காட்டும். ஏழாவது பதிப்பு யுனிக்ஸில் டி.சி என்று ஒரு தனி நிரல் வந்தது. ஒளியச்சு எந்திரத்துக்குப் போகவேண்டிய சங்கேதங்களை அது வாங்கி டெக்ட்ரானிக்ஸ் 4015 திரையில் வரையும். எந்திரத்தின் அத்தனை அளவுகளையும் அந்தத் திரையால் காட்டக்கூடிய நான்கே அளவுகளுக்குள் அடக்கிவிடும். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் நின்று, விசையைத் தட்டிய பிறகே அடுத்த பக்கத்துக்குப் போகும். எழுத்தின் அழகை அதில் பார்க்க முடியாது. ஆனால் அட்டவணை பக்கத்தை மீறுகிறதா, தலைப்பு பக்க அடியில் தனியாகத் தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தாளைக் கழுவுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அச்செடுக்கும் கட்டத்திலும் இப்படிச் சின்னச் சின்ன ஏற்பாடுகள். எஸ் என்ற தேர்வோடு ஓர் எண்ணைச் சேர்த்தால், அத்தனை பக்கத்துக்கு ஒருமுறை என்-ராஃப் நின்று, புதுத் தாள் செருகும்வரை காத்திருக்கும். டி-ராஃபில் அதே தேர்வு எந்திரத்தை நிறுத்தி, தாள் பெட்டியை மாற்ற இடம் கொடுக்கும்.

யுனிக்ஸில் குழாய் என்ற ஏற்பாடு 1973-இல் வந்தது. ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலின் உள்ளீடாகத் திருப்பும் வழி அது. அச்சுக்கோர்ப்பு இதனால் அடைந்த லாபம் மிகப் பெரியது. கணிதச் சமன்பாடுகளை டி-ராஃபுக்குள் திணிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் ஈ.க்யூ.என் என்ற தனி நிரல் எழுதினார்கள். தொலைபேசியில் ஒரு சமன்பாட்டை வாசித்துக் காட்டுவதுபோல எழுதினால் போதும்: எக்ஸ், கீழே 2, அதன் அடியில் வகுகோடு, பிறகு ஒய். அதை டி-ராஃபின் நகர்த்தல் கட்டளைகளாக அந்த நிரல் மாற்றிக் குழாயில் விடும். கணிதமே தெரியாத தட்டச்சரும் சீக்கிரம் கற்றுக்கொண்டு தட்ட வேண்டும் என்பதே நோக்கம். மைக் லெஸ்க் அட்டவணைகளுக்கு டி.பி.எல் எழுதினார். படங்களுக்கு கெர்னிகன் எழுதிய பிக் பின்னால் வந்தது. மூன்றையும் குழாயில் கோர்த்து, கடைசியில் டி-ராஃபை வைத்தால் பக்கம் தயார். தேவையில்லாதவர் அந்த நிரலைக் குழாயிலிருந்து கழற்றிவிடலாம். வேறு ஏதாவது வேண்டும் என்பவர் தானே ஒன்று எழுதிச் செருகலாம்.

பச்சையான டி-ராஃப் மொழியில் நேரடியாக எழுதியவர்கள் குறைவு. மற்றவர்கள் யாரோ எழுதி வைத்த மேக்ரோத் தொகுதியை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொகுதிகளைப் பிரித்துப் பார்த்தால் எழுதியவரின் அலுவலகமே தெரியும். மைக் லெஸ்கின் எம்.எஸ் தொகுதியில், புள்ளி எம்-ஹெச் என்று ஒரு வரி எழுதினால் பெல் ஆய்வகத்தின் மர்ரே ஹில் முகவரி முழுதாக அச்சாகும். ஹோம்டெல் கிளைக்கும் விப்பனி கிளைக்கும் இதேபோலத் தனித்தனி மேக்ரோக்கள். கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருப்பவருக்கு அந்த முகவரிகளால் என்ன பயன்? அங்கே எரிக் ஆல்மன் எம்.இ என்ற தொகுதியை எழுதினார். சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலால் பிற்பாடு பெயர் பெற்ற அதே ஆல்மன்தான். அவருடைய தொகுதியில் டி-ஹெச் என்ற மேக்ரோவைக் கோப்பின் தலையில் போட்டால், அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டு விதிகள் முழுதும் நடைமுறைக்கு வந்துவிடும்: இரட்டை வரி இடைவெளி, இடது ஓரம் ஒன்றரை அங்குலம், மேலே ஓர் அங்குலம், தலைப்பில் பக்க எண் மட்டும். ஆய்வேட்டின் ஓரத்தை ஸ்கேல் வைத்து அளந்து திருப்பி அனுப்பும் அலுவலகங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். இந்த மாற்றங்களுக்காக ஒஸ்ஸானாவின் நிரலில் யாரும் ஒரு வரியைத் தொட வேண்டியிருக்கவில்லை.

1978-இல் வெளிவந்த கெர்னிகன், ரிச்சி இருவரின் சி மொழி நூலும் இதே முறையில், ஆசிரியர்களே சி/ஏ/டி எந்திரத்தில் கோர்த்த புத்தகம்தான். டைம்ஸ் ரோமனில் வாசகம், கூரியரில் நிரல்கள். உலகம் முழுக்க நிரல் புத்தகங்களின் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அது முன்மாதிரி ஆயிற்று.

ஒஸ்ஸானா அதைப் பார்க்கவில்லை. 1977 நவம்பரில் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற டி-ராஃப் ஏறத்தாழ 7,000 வரி சி நிரல்; விளக்கக் குறிப்புகள் அதில் இல்லாத மாதிரிதான். நிரல் முழுதும் சி/ஏ/டி எந்திரத்தின் அளவுகளோடு பின்னிக் கிடந்தது. எந்திரமோ பழசாகிக்கொண்டிருந்தது. ஆய்வகத்தில் அதைத் தொடவே பயந்தார்கள். 1979-இல் கெர்னிகன் தொட்டார்.

அவரைத் தள்ளியது லினோட்ரான் 202 என்ற புது எந்திரம். மெர்கெந்தாலர் நிறுவனத்தின் தயாரிப்பு, விலை ஏறத்தாழ 50,000 டாலர். இதில் ஃபிலிம் கிடையாது. எழுத்துகள் கோட்டுருவங்களாக வட்டில் பதிந்திருந்தன, எதிர்மின்கதிர்க் குழாய் அவற்றைத் தாளில் வரைந்தது. வன்பொருள் நன்றாக இருந்தது, கூடவந்த மென்பொருள் திருப்தியாக இல்லை. எழுத்துருக்கள் எந்த வடிவத்தில் பதிந்திருக்கின்றன என்பதை நிறுவனம் வெளியிடவில்லை. அந்தக் கோடையில் கெர்னிகனும் கென் தாம்சனும் ஜோ காண்டனும் சேர்ந்து அந்த எந்திரத்தைக் குடைந்தார்கள். எழுத்துருவின் ரகசிய வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள், எந்திரத்துக்குத் தங்கள் சொந்த மென்பொருளை எழுதினார்கள், கடையில் கிடைக்காத குறிகளைத் தாங்களே வரைந்தார்கள். சதுரங்கத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட தாம்சன் சதுரங்கக் காய்களுக்கே ஒரு எழுத்துரு செய்தார். கோடை விடுமுறையை இப்படித்தான் கழித்தோம் என்ற பொருளில் தலைப்பிட்டு மூவரும் எழுதிய அறிக்கையை, மெர்கெந்தாலர் நிறுவனம் சங்கடப்படும் என்று நினைத்த பெல் நிர்வாகம் வெளியே விடவில்லை. மூன்று பதிற்றாண்டுகள் அது உள்ளறிக்கையாகவே கிடந்தது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் டேவிட் பிரெய்ல்ஸ்ஃபோர்டும் ஸ்டீவன் பேக்லியும் கெர்னிகனோடு சேர்ந்து, பழைய தாள்பிரதியையும் மிஞ்சியிருந்த கோப்புகளையும் வைத்து, எழுத்துருக்கள் உட்பட அதை மீட்டெடுத்து 2013-இல் வெளியுலகுக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த அனுபவத்திலிருந்து கெர்னிகன் செய்த திருத்தம் சுருக்கமானது, ஆழமானது. டி-ராஃப் இனி எந்த எந்திரத்தோடும் நேரடியாகப் பேசாது. எந்த எழுத்து, எந்த எழுத்துரு, எந்த இடம் என்று எவரும் படிக்கக்கூடிய ஒரு பொதுவான பட்டியலை வெளியிடும். ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஒரு சிறு பின்நிரல் அந்தப் பட்டியலைப் படித்து அச்சிட்டுக்கொள்ளும். எந்திரத்தின் நுணுக்கமும் எழுத்துகளின் அகலமும் ஒரு விவரணைக் கோப்பில் எழுதி வைக்கப்படும். இதை விளக்கும் அறிக்கை 1982-இல் வந்தது. அதே பட்டியலை அச்சு எந்திரத்துக்குப் பதில் திரையில் வரையும் நிரலுக்குக் கொடுத்தால் அதுவே முன்னோட்டம். பெல் ஆய்வகத்தில் ப்ரூஃப் என்ற நிரல் அதைச் செய்தது. சில ஆண்டுகளில் லேசர் அச்சுப்பொறியும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் வந்தபோது, புதிதாக எழுத வேண்டியிருந்தது பின்நிரல் ஒன்று மட்டுமே.

ஆனால் பெல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏ.டி.&டி. இந்தக் கருவிகளை யுனிக்ஸிலிருந்து பிரித்து, தனி விலைக்கு விற்கத் தொடங்கியது. பல யுனிக்ஸ் கணினிகளில் கையேட்டுப் பக்கத்தைக்கூட ஒழுங்காக வடிவமைக்க முடியாத நிலை வந்தது. அதற்கு விடையாக வந்தது ஜி-ராஃப். ஜேம்ஸ் கிளார்க் தனியாளாக சி++ மொழியில் எழுதி, 1990-இல் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் வழியாக இலவசமாக வெளியிட்டார். பழைய மேக்ரோக்கள் எல்லாம் அதில் ஓடின. இரண்டெழுத்துக் கட்டுப்பாடு நீங்கி, நீளமான பெயர்களை வைக்க முடிந்தது. சி/ஏ/டி கிடையாக ஓர் அங்குலத்தை 432 பங்காக்கியது என்றால், ஜி-ராஃபின் போஸ்ட்ஸ்கிரிப்ட் விவரணைக் கோப்பில் அதே அங்குலம் 72,000 பங்கு. டி.சி.பி/ஐ.பி பற்றிய நூல்களால் புகழ்பெற்ற ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ், தான் டி-ராஃபை விடாப்பிடியாகப் பிடித்திருப்பவர் என்று முன்னுரையில் பெருமையோடு சொல்லி, அச்சுக்குப் போகும் பக்கங்களை ஜி-ராஃபில் தானே தயாரித்துக் கொடுத்தார்.

ஜி-ராஃபைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்ள நினைப்பவர் முதலில் திறக்க வேண்டிய கோப்பு ட்ராஃப்-ஆர்சி. எந்த ஆவணத்தையும் மேக்ரோத் தொகுதியையும் தொடும் முன் நிரல் இதைத்தான் படிக்கும். சொற்களை வரியிறுதியில் உடைக்கும் முறை, தாளின் அளவு போன்றவை இங்கே முடிவாகும். மேக்ரோத் தொகுதி ஏற்றப்பட்ட பிறகு படிக்கப்படும் இன்னொரு கோப்பும் உண்டு. தொகுதி சொன்னதை மாற்றிச் சொல்ல விரும்பினால் அங்கே எழுத வேண்டும். எந்த வெளியீட்டுக் கருவி என்பதைச் சூழல் மாறி ஒன்றில் வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியதில்லை. எக்ஸ் என்ற பெரிய எழுத்தைச் சேர்த்தால் ஆவணம் திரையில் விரியும். எல் என்ற சிறிய எழுத்து அதை நேரே அச்சுப்பொறிக்கு அனுப்பும். எந்த அச்சுக் கட்டளை என்பது விவரணைக் கோப்பில் ஒரே வரியாக எழுதப்பட்டிருக்கும், மாற்றிக்கொள்ளலாம்.

தாள் அளவு விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். இங்கே நாம் புழங்குவது ஏ4. அமெரிக்க லெட்டர் தாள் அதைவிட ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் குட்டை. பக்கத்தை வடிவமைக்கும் பகுதிக்கு ஒருமுறை, போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுதும் பின்நிரலுக்கு ஒருமுறை என்று ஏ4 என்பதை இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும். ஒன்றில் மறந்தால் எழுத்து தாளில் மேலோ கீழோ சரிந்து விழும். வடிவமைப்பவரையும் எந்திரத்தையும் கெர்னிகன் பிரித்து வைத்ததன் பக்கவிளைவு இது. ஒருமுறை அமைப்புக் கோப்பில் சரியாக எழுதி வைத்தால் தொல்லை தீர்ந்தது.

ஒஸ்ஸானாவின் மொழிக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஆவணத்துக்குள்ளிருந்தே கணினியின் வேறு கட்டளைகளை இயக்க அதில் வழி உண்டு. ஒரே ஆய்வகத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்த நாளில் அது வசதி. முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்கும் காலத்தில் அது ஆபத்து. அச்செடுக்கப் போய்க் கோப்புகளை இழக்கலாம். ஜி-ராஃப் இப்போது அந்தக் கட்டளைகளை இயல்பாகவே முடக்கி வைத்திருக்கிறது. வேண்டுமென்று கேட்டால்தான் திறக்கும். சரியான ஏற்பாடு அது.

லினக்ஸ் கணினியில் மேன் என்று தட்டிக் கையேட்டுப் பக்கம் ஒன்றைப் படிப்பவர், பெரும்பாலும் தெரியாமலே ஜி-ராஃபை ஓட்டுகிறார். 1979-இன் ஏழாவது பதிப்பில் மெக்கில்ராய் கொடுத்த மேக்ரோக்களின் வழிவந்த வடிவம்தான் அந்தப் பக்கங்களின் அடியில் இருக்கிறது. மேன் டாட் லோக்கல் என்ற கோப்பில் சில வரி எழுதி அந்தப் பக்கங்களின் தோற்றத்தை மாற்றலாம். மேன் கட்டளையோடு டி என்ற தேர்வைச் சேர்த்தால், திரைக்கு வரும் அதே வாசகம் அச்சுக்குரிய எழுத்துருவில் பக்கம் பக்கமாக வெளிவரும். புதுக் கட்டளைகளைக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். நீளமான கையேட்டைத் திரையில் உருட்டுவதைவிடத் தாளில் கோடிட்டுப் படிப்பது எளிது. கெர்னிகன் யுனிக்ஸின் வரலாற்றையும் தன் நினைவுகளையும் எழுதி 2019-இல் வெளியிட்ட நூலின் பக்கங்களையும் ஜி-ராஃபிலேயே கோர்த்தார்.

தமிழில் இதைக்கொண்டு புத்தகம் போட முடியுமா என்றால், இன்றைய நிலையில் முடியாது. ஒரு குறிக்கு ஓர் எழுத்துவடிவம், அதற்கு ஓர் அகலம், இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்று என்ற கணக்கில்தான் ஒஸ்ஸானாவின் நாளிலிருந்து இந்தக் கருவி எழுத்தை அடுக்குகிறது. யூனிகோட் கோப்பில் ‘கொ’ என்பது ககரமும் அதன்பின் ஒரே உயிர்க்குறியும். அச்சிலோ அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் உட்கார வேண்டும். ‘கு’, ‘மு’, ‘று’ ஆகிய மூன்றிலும் உகரத்தின் உருவம் ஒன்று அல்ல. இந்த வேலையை எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளைப் படித்துச் செய்யும் பகுதி ஜி-ராஃபில் இன்றளவும் சேரவில்லை. அதனால் கட்டளைவரியில் தமிழ் நூல் கோர்ப்பவர்கள், ஜோனதன் கியூ 2004-இல் வெளியிட்ட சீடெக் போன்ற, டெக் என்ற அச்சுக்கோர்ப்பு நிரலின் வழிவந்த கருவிகளை நாடுகிறார்கள். அவை ஓப்பன்டைப் எழுத்துருவின் விதிகளைப் படித்து, கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைத்துவிடுகின்றன.